உமிக்கரி முதல் பற்பசை வரை: காவிரிப் படுகையில் பல் பாதுகாப்பின் வரலாறு

உமிக்கரி என்பது நெல் உமியைக் கரியாக்கி, பொடித்து, சலித்துப் பல் துலக்கப் பயன்படுத்திய பொடியாகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களைக் கொண்ட காவிரிப் படுகையில் நெல் விளையாத ஊர் அரிது. ஆகவே உமிக்கும் பஞ்சமில்லை. பற்பசை பரவும்வரை இப்பகுதி வீடுகளில் வேப்பங்குச்சி, வேலங்குச்சி ஆகியவற்றுடன் உமிக்கரியும் அன்றாடப் பயன்பாட்டில் இருந்தது. பல்லில் படிந்த அழுக்கை அகற்றிய இப்பொடி, அழுத்தித் தேய்த்தால் பல்லின் மேலுறையையும் தேய்த்துவிடும். பல்லை வெண்மையாக்குவது வேறு, பல்லைக் காப்பது வேறு என்பதை உணர்த்தும் நல்ல எடுத்துக்காட்டு இது.

பல் எனாமல்

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் உறை எனாமல் அல்லது பற்சிப்பி எனப்படும். மனித உடலில் மிகக் கடினமான பொருள் இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகமே அதன் பெரும்பகுதி. எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், ஒருமுறை இழந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

எனாமல் மூன்று வழிகளில் தேய்கிறது. பல்லோடு பல் உராய்வது முதல் வழி. மணல், கரி, முரட்டுத் தூரிகை போன்றவற்றால் தேய்வது இரண்டாவது. உணவிலோ இரைப்பையிலிருந்தோ வரும் அமிலம் அரிப்பது மூன்றாவது. வாயின் அமிலகாரக் குறியீடு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் கனிமம் கரையத் தொடங்கும். இவ்வாறு மென்மையான பரப்பை உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மெல்ல மீண்டும் இறுகச் செய்கின்றன. அதற்குள் அழுத்தித் தேய்த்தால் மென்மையான அடுக்கு பெயர்ந்துவிடும்.

பல்குச்சி

காலையில் குச்சியால் பல் துலக்கிக் கண் கழுவிய பின்னரே வழிபட வேண்டும் என்று பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை கூறுகிறது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்னும் பழமொழி இன்றும் வழக்கில் உள்ளது. ஆலம், வேலம் ஆகியவற்றின் துவர்ப்புக்குக் காரணம் அவற்றிலுள்ள டானின் வகைப் பொருள்கள். இவை ஈறுகளைச் சுருக்கி இறுக்கும் தன்மை கொண்டவை. குச்சியின் நுனியை மென்று நாராக்கித் துலக்குவதால் மணலோ கரியோ பல்லில் படுவதில்லை. மெல்லும்போது உமிழ்நீரும் பெருகுகிறது. எனினும் குறுக்காக வலிந்து தேய்த்தால் ஈறு கீழிறங்கவும் பல்லின் கழுத்துப் பகுதி தேயவும் கூடும்.

உமிக்கரியின் இயல்பு

நெற்பயிர் மண்ணிலுள்ள சிலிக்காவை நீருடன் உறிஞ்சித் தாளிலும் உமியிலும் சேர்த்து வைக்கிறது. அறுவடையின்போது நெல் தாள் கையைக் கீறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை முழுதும் எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவே.

வீட்டில் உமியைக் குவித்து மெல்லப் புகைய விட்டு, வெண்சாம்பலாகும் முன் கருநிறத்திலேயே அணைத்துவிடுவர். பின்னர் உப்புச் சேர்த்து இடித்துத் துணியில் சலிப்பர். சிலர் கிராம்பு, மிளகு போன்றவற்றையும் சேர்ப்பதுண்டு. சலிப்பதும் அதிக வெப்பமின்றி எரிப்பதும் இதில் முக்கியம். குறைந்த வெப்பத்தில் சிலிக்கா படிகமற்ற நிலையில் இருக்கும். வெப்பம் மிகுந்தால் அது கடினமான படிகமாக மாறும். ஆகவே அரிசி ஆலை உலையில் உயர்வெப்பத்தில் எரிந்த சாம்பலை வீட்டு உமிக்கரிக்குச் சமமாகக் கருத முடியாது.

ஆற்று மணலும் செங்கல் தூளும் பல் துலக்கப் பயன்பட்டதுண்டு. மணலிலுள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, எனாமலின் கடினம் சுமார் 5. எனவே மணல் எனாமலைக் கீறும். இன்றைய பற்பசைகள் பலவற்றிலும் அழுக்கை அகற்றும் பொருளாக நீரேற்றிய சிலிக்காவே உள்ளது. ஆனால் அதன் துகள் அளவும் தேய்க்கும் திறனும் கட்டுப்படுத்தப்பட்டவை. பற்பசையின் தேய்ப்புத் திறனை அளக்கும் எண் 250ஐத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டுத் தர வரையறை. வீட்டுக் கரிக்கு அத்தகைய அளவீடு கிடையாது.

உணவுப் பழக்கம்

புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சை ஊறுகாய் எனப் படுகையின் உணவில் புளிப்புக்குக் குறைவில்லை. புளியில் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. ஆயினும் சில பழக்கங்கள் எனாமலுக்குத் துணை நின்றன. சாப்பாட்டைத் தயிர்ச்சோற்றுடன் முடிப்பது அவற்றுள் ஒன்று. தயிரும் புளிப்பானதே என்றாலும் அதிலுள்ள மிகுதியான கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமல் கரைவதைத் தடுக்கின்றன. உண்டபின் வாய் கொப்பளிப்பது எஞ்சிய அமிலத்தை நீர்க்கச் செய்கிறது. பல் துலக்கிய பின்னரே காலை உணவு உண்ணும் வழக்கத்தால், புளிப்பு உண்ட உடனே பல்லைத் தேய்க்கும் நிலையும் தவிர்க்கப்பட்டது. இவை எனாமலைக் கருதி ஏற்பட்ட வழக்கங்கள் அல்ல, தூய்மையைக் கருதி ஏற்பட்டவை. இரவில் பல் துலக்காமல் உறங்குவது அக்காலப் பழக்கத்தின் பெருங்குறையாகும்.

கும்பகோணம் வட்டாரம் வெற்றிலைக்குப் பெயர் பெற்றது. கும்பகோணம் வெற்றிலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. தாம்பூலத்தில் தடவும் சுண்ணாம்பு காரத்தன்மை உடையதால் அமிலத்தைச் சமன் செய்யும். ஆனால் கொட்டைப்பாக்கை நெடுநாள் மெல்வது பல்லின் மேற்பரப்பைத் தேய்க்கும், கறையும் படியும். அதைவிடப் பெரிய கேடு, பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை அவ்வாறு வகைப்படுத்தியது.

பல்பொடியும் பற்பசையும்

மைசூர்ப் பகுதியில், காவிரியின் துணையாறான கபினியின் கரையிலுள்ள நஞ்சன்கூட்டில் 1913இல் தொடங்கப்பட்ட சத்வைத்தியசாலையின் பல்பொடி, நஞ்சன்கூடு பல்பொடி என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் விற்பனையானது. இலங்கை வானொலி விளம்பரங்களின் வழியே கோபால் பல்பொடி வீடுதோறும் அறிமுகமானது. புகையிலை கலந்த பல்பொடிகளையும் பற்பசைகளையும் இந்திய அரசு 1992இல் தடை செய்தது.

நைலான் இழைகொண்ட பல்தூரிகை 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் பற்பசையும் தூரிகையும் நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கு மெல்லப் பரவின. புளூரைடு சேர்ந்த பற்பசை எனாமலின் படிகத்தை அமிலத்துக்கு எளிதில் கரையாததாக மாற்றுகிறது. உமிக்கரியால் தர முடியாத பாதுகாப்பு இது.

தேய்மானம் பற்றிய ஆய்வு

எனாமல் தேய்வது குறித்து ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1778இலேயே எழுதினார். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1907இல் வெளியிட்ட சோதனை முடிவுகள், பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவில் ஏற்படும் பள்ளங்களுக்குச் சொரசொரப்பான பல்பொடியும் வலிந்து துலக்குவதும் முக்கியக் காரணங்கள் எனக் காட்டின. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆர். அகமது 1920இல் கல்கத்தாவில் நிறுவினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது.

காவிரி நீரும் பல்லும்

புளூரைடு அளவோடு இருந்தால் எனாமலுக்கு வலிமை. குழந்தைப் பருவத்தில் குடிநீரில் அது மிகுந்தால் எனாமல் சரியாக உருவாகாமல் வெண்திட்டும் பழுப்புக் கறையும் தோன்றும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் இக்குறைபாட்டுக்குக் காரணமானது. இதற்குத் தீர்வாகக் காவிரி நீரை அம்மாவட்டங்களுக்கு வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இன்றைய நிலை

இன்று உமிக்கரியின் இடத்தைப் பற்பசை பிடித்துவிட்டது. அதேவேளை, விருந்தில் மட்டும் குடித்த குளிர்பானம் நாள்தோறும் குடிக்கும் பொருளாகிவிட்டது. இவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ கலந்திருக்கும். நெடுநேரம் சிறிது சிறிதாகப் பருகினால் எனாமல் தொடர்ந்து அமிலத்தில் நனைகிறது. அண்மையில் பற்களை வெண்மையாக்கும் பொருளாகக் கரிப்பொடி மீண்டும் விளம்பரப்படுத்தப்படுகிறது. கரி மேற்கறையை நீக்கலாம். ஆனால் எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் நிறப் பல்திசு வெளித்தெரிந்து, பல் முன்னிலும் மஞ்சளாகத் தோன்றும், கூச்சமும் ஏற்படும்.

புளிப்பு உண்டபின் நீரால் வாய் கொப்பளித்தல், அரை மணி நேரமாவது கழித்துப் பல் துலக்குதல், மென்மையான தூரிகையும் புளூரைடு பற்பசையும் பயன்படுத்துதல், இரவிலும் துலக்குதல் ஆகியவை எனாமலைக் காக்கப் பல் மருத்துவர்கள் கூறும் வழிகள். இவற்றுள் வாய் கொப்பளிப்பது காவிரிப் படுகைக்குப் புதிதல்ல. கைவிடக் கூடாத பழைய வழக்கம் அதுவே.