தோல் புற்றுநோய்

தோலின் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, சுற்றியுள்ள திசுக்களை அரித்து, சில வகைகளில் நிணநீர், ரத்தம் வழியாக மற்ற உறுப்புகளுக்கும் பரவும் நோய் தோல் புற்றுநோய். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய பகுதிகளின் வெள்ளைத்தோல் மக்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் புற்று இதுவே. கருநிறத் தோல் கொண்டவர்களிடம், இந்தியர்கள் உட்பட, இது அரிது. ஆனால் அரிது என்ற எண்ணமே நோயாளியையும் சில வேளை மருத்துவரையும் அசட்டையாக இருக்கச் செய்கிறது. கருநிறத்தவரின் தோல் புற்று பெரும்பாலும் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் கண்ணாலேயே ஆரம்பத்தில் கண்டுகொள்ளக்கூடிய புற்று இது. எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்திவிடலாம்.

தோலின் அமைப்பு

மேல்தோலின் அடிவரிசையில் இருப்பவை அடித்தள செல்கள். இவை ஓயாமல் பிரிந்து புதிய செல்களை மேலே அனுப்புகின்றன. மேலே நகரும் செல்கள் தட்டையாகிச் செதிள் செல்களாகி, இறுதியில் இறந்து உதிர்கின்றன. அடிவரிசையின் இடையிடையே மெலனோசைட் எனப்படும் நிறமி செல்கள் உள்ளன. இவற்றின் எண்ணிக்கை எல்லா இனத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இவை உண்டாக்கும் மெலனின் நிறமியின் அளவும் அது பரவியிருக்கும் விதமுமே தோலின் நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் மேல்தோலில் கிடையாது. அதற்குக் கீழுள்ள உட்தோலில்தான் ஓடுகின்றன. மேல்தோலுக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றை வெட்டி எடுத்தால் நோய் அநேகமாக முடிந்துவிடும். உட்தோலுக்குள் இறங்கிய பிறகே அது மற்ற உறுப்புகளுக்குப் பயணப்பட வழி கிடைக்கிறது. தோல் புற்றில் சில மில்லிமீட்டர் ஆழம் உயிரையே தீர்மானிப்பது இதனால்தான்.

வகைகள்

*அடித்தள செல் புற்று:* உலக அளவில் மிக அதிகமாகக் காணப்படும் வகை. மூக்கு, கண்ணிமை, கன்னம், நெற்றி என்று வெயில் படும் இடங்களில் வருகிறது. முத்துப் போல மினுமினுக்கும் சிறு மேடாகத் தொடங்கி, நடுவில் குழிந்து, பொருக்குத் தட்டி, ரத்தம் கசிந்து, ஆறியது போலத் தோன்றி மறுபடி உடையும். பழுப்பு நிறத் தோலில் இது பெரும்பாலும் கருமையாக இருப்பதால் மச்சம் என்றோ மரு என்றோ எண்ணப்படுகிறது. டப்ளினைச் சேர்ந்த ஆர்தர் ஜேக்கப் 1827-இல் கண்ணிமையில் வரும் இந்தப் புண்ணை விவரித்தார். இது தொலைவுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் கவனிக்காமல் விட்டால் மூக்கையும் இமையையும் எலும்பு வரை அரித்துவிடும்.

*செதிள் செல் புற்று:* கெட்டியான கட்டியாகவோ, சொரசொரப்பான தடிப்பாகவோ, விளிம்பு தடித்த ஆறாத புண்ணாகவோ தோன்றும். உதடு, காது, புறங்கை ஆகியவற்றோடு பழைய தழும்புகளிலும் நாள்பட்ட புண்களிலும் வரும். ஒரு பகுதியினருக்கு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுகிறது. வெயிலால் வரும் சொரசொரப்பான செதில் திட்டுகளும், போவன் நோய் எனப்படும் சிவந்த திட்டும் இதன் முன்நிலைகள்.

*மெலனோமா:* நிறமி செல்களில் தோன்றும் புற்று. எண்ணிக்கையில் குறைவானாலும் தோல் புற்று மரணங்களில் பெரும்பங்கு இதனுடையது. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக் 1804-இல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, அந்த ஆண்டில் சுமார் 3.3 லட்சம் பேருக்கு மெலனோமா புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 59 ஆயிரம் பேர் இறந்தனர்.

மெலனோமாவின் துணைவகைகளில் கருநிறத் தோல் கொண்டவர்கள் முக்கியமாக அறிந்திருக்க வேண்டியது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் வலது கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இதுதான். அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, 1981 மே 11 அன்று 36 வயதில் அவர் இறந்தார். இந்த வகைக்கும் வெயிலுக்கும் நேரடித் தொடர்பு காணப்படவில்லை.

இவை தவிர, மெர்க்கெல் செல் புற்று, கபோசி சார்க்கோமா, தோலின் லிம்போமா போன்ற அரிய வகைகளும் உண்டு. மெர்க்கெல் செல் புற்றோடு தொடர்புள்ள வைரஸ் 2008-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கபோசி சார்க்கோமா எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

காரணங்கள்

*புற ஊதாக் கதிர்:* வெயிலின் புற ஊதாக் கதிர், செல்லின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள மூலக்கூறுகளைப் பிணைத்துப் பழுதாக்குகிறது. உடல் இந்தப் பழுதைத் தினமும் சரிசெய்கிறது. சரிசெய்ய விட்டுப்போனவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து புற்றாக மாறுகின்றன. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயில் இந்தப் பழுதுபார்க்கும் திறனே இருப்பதில்லை. சிறு வயதிலேயே முகத்தில் புற்றுகள் தோன்றுகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும் என்பதால், நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். நிறமியே இல்லாமல் பிறக்கும் அல்பினிசம் உள்ளவர்களுக்கும் ஆபத்து மிக அதிகம். செயற்கைப் புற ஊதாக் கதிரால் தோலைப் பழுப்பாக்கும் படுக்கைகளை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் உறுதியான புற்றுக் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

*தழும்பும் நாள்பட்ட புண்ணும்:* பழைய தீக்காயத் தழும்பில் தோன்றும் புண்ணை 1828-இல் விவரித்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் நிக்கோலா மார்ஜோலின். அவர் பெயரால் அது மார்ஜோலின் புண் எனப்படுகிறது. தீக்காயம் பட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அதே தழும்பில் செதிள் செல் புற்று வரலாம். தொழுநோயால் உணர்விழந்த பாதத்தின் ஆறாத புண்கள், எலும்பில் சீழ் பிடித்து வடியும் புண்கள், நாள்பட்ட கால் புண்கள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

*வாழ்க்கைப் பழக்கங்கள்:* காஷ்மீரில் குளிருக்காக நெருப்புக் கங்கு நிரம்பிய காங்ரி என்ற சட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். அதன் சூடு படும் தொடையிலும் அடிவயிற்றிலும் வரும் காங்ரி புற்றைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவக் குறிப்புகள் வெளிவந்தன. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் வி. ஆர். கனோல்கர், இறுக்கிக் கட்டும் வேட்டியால் இடுப்பில் வரும் புற்றை 1945-இல் விவரித்தார். புடவை கட்டும் பெண்களுக்கு, பாவாடை நாடா இறுகும் இடத்தில் தோல் உராய்ந்து கறுத்து, வெடித்து, புண்ணாகி, மிகச் சிலருக்குப் புற்றாகவும் மாறியதுண்டு. நாடாவைத் தளர்த்திக் கட்டுவதும், அகலமான பட்டையாக மாற்றுவதும் போதுமான தடுப்பு.

*வேதிப்பொருள்கள்:* புகைபோக்கி சுத்தம் செய்த லண்டன் தொழிலாளர்களின் விதைப்பைத் தோலில் வந்த புற்றுக்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் 1775-இல் காட்டினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றையும் இணைத்துக் காட்டிய முதல் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரிலுள்ள ஆர்சனிக்கை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் உள்ளங்கை, உள்ளங்கால்களில் முதலில் மணிமணியான தடிப்புகளும் பின்னர் புற்றும் தோன்றுகின்றன.

*எதிர்ப்பு சக்திக் குறைவு:* சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டு, எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு, குறிப்பாக வெள்ளைத்தோல் கொண்டவர்களுக்கு, செதிள் செல் புற்று வரும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது.

அறிகுறிகளும் சுய பரிசோதனையும்

ஒரு மச்சத்தைப் பார்க்கும்போது ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பாதி மறுபாதியைப் போல் இல்லையா? ஓரம் பிசிறாக இருக்கிறதா? ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் என்று பல நிறங்களா? 6 மி.மீ.க்கு மேல் அகலமா? அண்மையில் மாறிவருகிறதா? இவற்றில் கடைசிக் கேள்வியே முக்கியமானது. பிறந்ததிலிருந்து மாறாமல் இருக்கும் மச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நடுவயதுக்குப் பின் புதிதாக வந்து வளரும் கறுப்புப் புள்ளியைக் காட்டிவிட வேண்டும்.

இந்தக் கேள்விகள் வெள்ளைத்தோலை மனதில் வைத்து உருவானவை. நம்மவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் பாதம். குளித்து முடித்த பின், நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, காலை மறுதொடை மேல் போட்டு, கைக்கண்ணாடியால் உள்ளங்காலையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். விரல்களை விலக்கி இடுக்குகளையும் பார்க்க வேண்டும். உள்ளங்காலில் பரவிவரும் கறுப்புத் திட்டு, ஆறாத வெடிப்பு, கசியும் சதை ஆகியவை சந்தேகத்துக்குரியவை. சில மெலனோமாக்கள் நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். காலாணி என்று நினைத்துப் பல மாதம் பிளேடால் சீவியும் பிளாஸ்திரி ஒட்டியும் காலம் கடத்தியவர்களுக்குப் பின்னர் மெலனோமா என்று தெரியவந்ததுண்டு.

இரண்டாவது இடம் நகம். அதில் நீளவாக்கில் ஓடும் பழுப்புக் கோடு கருநிறத்தவர்களுக்குச் சாதாரணம். பெரும்பாலும் பல விரல்களில் இருக்கும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி, 3 மி.மீ.க்கு மேல் அகலமாகி, நகத்தின் அடிப்பக்கத்தில் இன்னும் விரிந்து, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு பரவினால் அது எச்சரிக்கை. அடிபட்டு ரத்தம் கட்டிய நகத்தில் கறுப்பு, நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்துவிடும். மெலனோமாவின் கறுப்பு அடியிலேயே நிலைத்திருக்கும்.

மூன்றாவதாக, ஒரு மாதத்தில் ஆறாத எந்தப் புண்ணும், குறிப்பாகப் பழைய தழும்பில் திடீரென வெடித்த புண்ணும், மருத்துவர் பார்க்க வேண்டியவை. சர்க்கரை நோயாளிகள் கால் புண்ணைச் சர்க்கரைப் புண் என்று முடிவு கட்டிவிடாமல், சிகிச்சைக்குப் பின்னும் ஆறாவிட்டால் சதைப் பரிசோதனை கேட்டுப் பெற வேண்டும்.

நோயறிதல்

டெர்மோஸ்கோப் என்ற ஒளியுள்ள உருப்பெருக்கியால் தோல் மருத்துவர் மச்சத்தின் நுட்ப அமைப்பைப் பார்க்கிறார். உறுதி செய்வது பயாப்சி: மரத்துப்போக ஊசி போட்டு, சந்தேகமான பகுதியை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுகளில் இதைச் செய்துகொள்ளலாம். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. உண்மையான ஆபத்து வேறு: மருவையும் மச்சத்தையும் அழகு நிலையத்தில் சுட்டோ, சுண்ணாம்பு, அமிலம் வைத்தோ எடுத்துவிட்டால் பரிசோதிக்கத் திசுவே மிஞ்சாது, அடியில் நோய் இருந்தால் தெரியாமலே வளரும்.

மெலனோமா உறுதியானால் அதன் தடிமன் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. அமெரிக்க நோயியலாளர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-இல் அறிமுகப்படுத்திய இந்த அளவே இன்றும் சிகிச்சைக்கு அடிப்படை. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, தோலோடு நிற்கும் நிலையில் கண்டறியப்பட்ட மெலனோமா நோயாளிகள் கிட்டத்தட்ட எல்லோருமே ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தொலை உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டறியப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவரே கடக்கிறார்.

சிகிச்சை

முதன்மைச் சிகிச்சை அறுவை: புற்றைச் சுற்றிலும் சிறிதளவு நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பது. முகத்தில் அதிகத் தோலை இழக்க முடியாத இடங்களில், அடுக்கடுக்காக எடுத்து ஒவ்வொரு அடுக்கையும் உடனுக்குடன் நுண்ணோக்கியில் சோதிக்கும் மோஸ் முறை பயன்படுகிறது. அமெரிக்காவின் பிரெடெரிக் மோஸ் 1930-களில் உருவாக்கியது அது. மேலோட்டமான புற்றுகளுக்கு உறைய வைத்தல், களிம்பு மருந்துகள், அறுவை முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சு ஆகியவையும் உண்டு.

பரவிய மெலனோமாவுக்கு 2011 வரை பலன்தரும் மருந்து அநேகமாக இல்லை. அந்த ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபிலிமுமாப், உடலின் எதிர்ப்பு செல்களைக் கட்டிவைத்திருக்கும் தடையை நீக்கிப் புற்றைத் தாக்கச் செய்தது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-இல் வந்தன. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்குத் தனி மாத்திரைகள் உள்ளன. ஆயினும் இந்த மருந்துகளின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆரம்பத்தில் வந்திருந்தால் ஒரு சிறு அறுவையோடு முடிந்திருக்கும் நோய் அது.

தடுப்பு

ஆஸ்திரேலியாவில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவதொரு தோல் புற்று கண்டறியப்படுகிறது. அங்கே விக்டோரியா மாநிலத்தில் 1981-இல் தொடங்கிய பிரசாரம் சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்ற மூன்று எளிய கட்டளைகளை ஒரு கடற்பறவையின் பாட்டாக வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. குயின்ஸ்லாந்தின் நாம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,600-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் செதிள் செல் புற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது.

புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழகக் கோடையில் நண்பகல் வேளையில் அது 10-ஐத் தாண்டுவது வழக்கம். வயல், கடல், கட்டடம், சாலை என்று நாள் முழுதும் வெயிலில் உழைப்பவர்களுக்கு முழுக்கை சட்டை, அகன்ற தொப்பி அல்லது தலைப்பாகை, உச்சி வெயிலில் நிழலில் ஓய்வு ஆகியவையே முதல் பாதுகாப்பு. அல்பினிசம் உள்ள குழந்தைகளுக்கு இவற்றோடு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் கட்டாயம். அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

வெயிலுக்குத் தொடர்பில்லாத உள்ளங்கால், நக மெலனோமாவைத் தொப்பியோ களிம்போ தடுக்காது. அதற்கு எதிராக இன்று இருக்கும் ஒரே பாதுகாப்பு ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதுதான். மாதம் ஒருமுறை பாதத்தையும் நகங்களையும் பார்ப்பது, கண் மங்கிய, குனிய முடியாத பெரியவர்களின் பாதத்தை வீட்டிலுள்ளவர்கள் பார்த்துச் சொல்வது, பழைய தீக்காயத் தழும்பில் மாற்றம் கண்டால் அன்றே காட்டுவது ஆகியவற்றுக்குப் பணம் செலவில்லை. வலி இல்லை என்பதை எவரும் தள்ளிப்போடக் காரணமாகக் கொள்ளக் கூடாது. தோல் புற்றுகள் பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதே இல்லை.