யார் சமைத்த சோறு?

மிஷன் வரலாறுகளைப் புரட்டும்போது நாம் பெரும்பாலும் ஞானஸ்நானக் கணக்கைத்தான் பார்க்கிறோம். எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பேர். இந்த உரையில் சோற்றுப் பானையின் பக்கம் போகலாம் என்று நினைக்கிறோம். ஒருவருடைய விசுவாசம் மெய்யா பொய்யா என்ற கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் பந்தியில் வைத்துத்தான் கேட்கப்பட்டது.

தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பழைய சபைகளில் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்கள் மறுபக்கமும் உட்கார்ந்தார்கள். நற்கருணை வாங்கும்போதும் அவர்கள் முன்னால், நம்மவர் பின்னால். பாதிரிமார் பலர் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் கோயிலை விட்டு விலகினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் புதிய பாதிரிமாரின் கொடுமைகள் என்று எழுதியவற்றில், சாதிகளைக் கலக்க வற்புறுத்துவதையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடித்தான் நாமும் வளர்ந்தோம். நல்ல பாட்டுகள்தான்; அதை மறுக்கவில்லை.

சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொல்வது எளிது. ஆகவே மதுரை அமெரிக்க மிஷன் 1847இல் வேறு வழிக்குப் போனது. அன்பின் விருந்து வைத்தார்கள். எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசிமார் பலர் உட்கார மறுத்து வேலையை இழந்தார்கள். வேதத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள், ஊர் ஊராகப் பிரசங்கித்தவர்கள், ஒரு கவளத்தில் நின்றுபோனார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இதையே பொது அளவுகோலாக வைத்தது: எந்தச் சாதியார் சமைத்தாலும் உண்ணத் தயங்குகிறவர் சாதியை விட்டவர் ஆகமாட்டார். லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இதை ஏற்கவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், அதை வற்புறுத்தி மாற்றக் கூடாது என்றது. மற்ற சபைகளில் கோபித்துக்கொண்டவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் சண்டையில் நாம் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்த விருந்தைப் பற்றி நமக்கு ஒரு வருத்தம் உண்டு. உண்ண மறுத்தவர் யார், உண்டவர் யார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சமைத்தவர் யார்? அடுப்படியில் நின்ற அந்த மனிதருக்கு, தம் கைச்சோறு அடுத்தவருடைய பக்திக்குப் பரீட்சையாக இலையில் விழுவதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்? சென்னைத் துரைமார் வீடுகளில் நம்மவர் நெடுநாளாகச் சமையல்காரர்களாக இருந்தார்கள். மாட்டிறைச்சி தொட மற்றவர்கள் வரமாட்டார்கள். ஊரில் தீட்டாக இருந்த கை, பங்களாவில் தினமும் பரிமாறியது. பரிமாறிய கையோடு மேசையில் உட்காரச் சொன்னார்களா என்பது வேறு கேள்வி. ஒரு நாள் விருந்தில் தேறிவிடலாம். மறுநாள் காலை, அதற்கடுத்த நாள் என்று வருவதுதான் கடினம்.

எங்கள் சேரிகளில் இந்தப் பரீட்சை நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதும் நடந்துகொண்டுதான் இருந்தது, விருந்து என்று பெயர் வைக்காமல். ஜெபக் கூட்டத்துக்கு வரும் பெரியவர்கள் உருக்கமாக ஜெபிப்பார்கள், சிலர் அழவும் செய்வார்கள். முடிந்ததும் டம்ளரில் காப்பி நீட்டினால் வயிறு சரியில்லை என்பார்கள். அதனால் எங்கள் தாய்மார் முன்யோசனையாக, மூடி திறக்காத சோடாவும் சீவாத இளநீரும் வாங்கி வைத்திருப்பார்கள். அவற்றை அவர்கள் தயங்காமல் குடிப்பார்கள்.

ஒரு மிஷன் பள்ளி ஆசிரியை மட்டும் அப்படியில்லை. ஆதிக்கச் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசங்கம் செய்யத் தெரியாது, பாட்டும் சுமார்தான். மழை நாளில் ஒதுங்கினாலும் சரி, வருகைப் பதிவில் விடுபட்ட பிள்ளையைத் தேடி வந்தாலும் சரி, திண்ணையில் உட்காராமல் நேரே அடுப்படிக்கு வந்து மணையை இழுத்துப் போடுவார். கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருநாள் எங்கள் பாட்டியிடம் குறை சொன்னார். பாட்டிக்கு வந்ததே கோபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருக்கென்று தனியாகக் குழம்பு வைத்து, பள்ளிக்கூடத்துக்கே கொடுத்தனுப்பினார்.