பூக்காத பதினோரு ஆண்டுகள்: நீலக்குறிஞ்சியின் தகுதிநிலை குறித்து

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் நீலக்குறிஞ்சி 2024ஆம் ஆண்டில்தான் இடம்பெற்றது. அதற்கு அளிக்கப்பட்ட வகை ‘அழிவாய்ப்பு இனம்’. குறிஞ்சி என்றதும் திணையையும் கபிலரையும் நினைக்கும் நமக்கு, அந்தச் செடியின் நிலையை உலக அளவில் மதிப்பிட இவ்வளவு காலம் ஆனது வியப்பாக இருக்கலாம். அவ்வகைப்பாட்டை இக்கட்டுரை மறுக்கவில்லை. தமிழக மலைகளைப் பொறுத்தவரை அது இழப்பைக் குறைத்துக் காட்டுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்ற அறிவியல் பெயர் கொண்ட நீலக்குறிஞ்சி தென்மேற்கு இந்தியாவின் உயர்மலைகளுக்கே உரிய செடி. ஏறத்தாழ 1,340 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரை, சோலைகளுக்கு இடையே கிடக்கும் புல்வெளிச் சரிவுகளில் வளர்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதைத்து, மடிகிறது. பூத்த ஆண்டில் மலையே நீலமாகிவிடுவதால் ‘இதற்கா அழிவு?’ என்று கேட்கத் தோன்றும். பூக்காத ஆண்டிலோ, எதிரெதிராக அமைந்த சொரசொரப்பான இலைகளோடு புல்லுக்குள் நிற்கும் வெறும் புதர்தான். தெரிந்தவர் சுட்டிக்காட்டாவிட்டால் மிதித்துக்கொண்டு போய்விடுவோம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சரிவில் நிற்பவை, ஆண்டு தவறிப் பூக்கும் சிலவற்றைத் தவிர, எல்லாம் ஒரே வயதுச் செடிகள். கன்றுப் பருவத்தில் அவற்றைத் தீயோ நிழலோ கொண்டுபோனால், ஈடுகட்ட மூத்த செடி அங்கே இராது. காய் வெடித்து விதை தாய்ச்செடியின் அருகிலேயே விழுவதால் அடுத்த மலையிலிருந்து வந்து சேரும் என்றும் நம்புவதற்கில்லை. அறியப்பட்ட 34 துணைத்தொகைகளில், அதாவது தனித்தனிச் செடிக்கூட்டங்களில், 33 மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளன. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏற்காட்டில் மட்டும் ஒன்று தனித்து நிற்கிறது.

இனி செம்பட்டியலின் அளவுகோலுக்கு வருவோம். தொகைக் குறைவை அடிப்படையாகக் கொண்டு வகைப்படுத்தும்போது, பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் நேர்ந்த இழப்பே கணக்கு. அது 30 விழுக்காட்டை எட்டினால் அழிவாய்ப்பு இனம். 50ஐ எட்டினால் அருகிய இனம். குறிஞ்சிக்குத் தலைமுறை 12 ஆண்டு எனக் கொண்டால் கணக்கு 36 ஆண்டு. 2024இலிருந்து பின்னோக்கினால் 1988. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியின் மேல் தேயிலையும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், மரக்கூழுக்காகத் தைலமரமும் ஏறியது பெரும்பாலும் அதற்கு முன்பு. ஆகவே விதிப்படி பார்த்தால் மிகப் பெரிய இழப்பு கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது. விதியில் பிழையில்லை, அது அழிவின் வேகத்தை அளக்க வகுக்கப்பட்டது. அதிலிருந்து மொத்த இழப்பையும் படித்துவிடலாம் என்று கருதுவதுதான் நம் பிழை.

இரண்டாவது சிக்கல் சராசரி. வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு தேயிலைக்கும் மென்மரத் தோட்டங்களுக்கும் போய்விட்டது என்பது மொத்தப் பரப்புக்கான கணிப்பு. பழனி மலையை மட்டும் எடுத்துக்கொண்டு 2018இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வோ, 1973க்கும் 2014க்கும் இடையே அங்கே புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதைக் காட்டியது. காலக்கணக்கு சற்று நீளம்தான். புல்வெளிக் குறைவும் செடிக் குறைவும் அப்படியே ஒன்றல்ல என்பதும் உண்மை. ஆனாலும் 50 என்ற எல்லையை அது தாண்டி நிற்பதை ஒதுக்கிவிட முடியாது. சீகையை நடுவது பின்னர் நின்றது. அது தானாகப் பரவுவது நிற்கவில்லை. அதன் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைக்கின்றன, ஆகவே விட்டுவைக்கலாம் என்போர் உண்டு. சோலைக்கு அது பொருந்தலாம். வெயிலில் வளரும் குறிஞ்சிக்குப் பொருந்தாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இப்போது இருக்கிறது. செடியைப் பிடுங்குவது குற்றம். நல்லதுதான். ஆனால் பூவைப் பறிக்கும் சுற்றுலாப் பயணியைப் பிடிக்க முடிகிற அந்தச் சட்டத்தால், ஒரு சரிவையே மூடும் சீகையை என்ன செய்ய முடியும்? கேரளம் 2006இல் வட்டவடை, கோட்டக்கொம்பூர் பகுதியில் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிக்கென்றே சரணாலயமாக அறிவித்தது. எல்லை பற்றிய பூசல் அங்கே நெடுங்காலம் இழுத்தது. என்றாலும் செடியை விட்டு நிலத்தைக் காப்பது என்ற அந்த எண்ணம் சரியானது. தமிழகத்தில் குறிஞ்சிக்கென அப்படி ஒரு சரணாலயம் இல்லை.

செம்பட்டியல் முறை மண்டல மதிப்பீட்டுக்கு இடம் தருகிறது. நீலகிரி, பழனி, ஏற்காடு மூன்றுக்கும் தனித்தனியே அதைச் செய்ய வேண்டும். 1988இல் நிறுத்தாமல், பழைய நில வரைபடங்கள் காட்டும் புல்வெளிப் பரப்பையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். மலைக்கு மலை பூக்கும் ஆண்டு மாறினாலும், கொடைக்கானலிலும் மூணாற்றிலும் 2006, 2018 என்று வந்த பெரும்பூப்பின் அடுத்த முறை 2030. கணக்கெடுப்பு அதற்கு முன்பே, செடி பச்சையாக நிற்கும் இந்த ஆண்டுகளில், தொடங்கப்பட வேண்டும்.