பூட்டு இல்லாத அடிமை அறை

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து, இத்தாலியின் பொம்பெயி நகரம் சாம்பலில் புதைந்தது. பொம்பெயி என்றாலே நமக்குக் காட்டப்படுவது செல்வந்தர் வீட்டுச் சுவரோவியங்கள்தான். அந்த வீடுகளில் தண்ணீர் சுமந்தவர்கள், குதிரைகளைப் பராமரித்தவர்கள் எங்கே படுத்தார்கள்?

2021 நவம்பரில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. நகர மதிலுக்கு வெளியே, சிவிதா ஜூலியானா என்ற இடத்தில் ஒரு பெரிய மாளிகையை அகழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அங்கே கிடைத்த வெண்கல வேலைப்பாடு கொண்ட தேரைப் பார்த்து உலகமே வியந்தது. அந்தத் தேர் நின்ற இடத்துக்கு அருகிலேயே இருந்தது 16 சதுர மீட்டர் அறை ஒன்று. உள்ளே மூன்று கயிற்றுக் கட்டில்கள். மெத்தை இல்லை. இரண்டு கட்டில்களின் நீளம் 1.70 மீட்டர், மூன்றாவது 1.40 மீட்டர்தான். அதில் படுத்தது ஒரு குழந்தையாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மேலே ஒரு சின்ன சன்னல். மூலையில் எட்டுச் சாடிகள். மனிதர்கள் தூங்கிய அறையே கிடங்காகவும் இருந்திருக்கிறது.

மரமும் கயிறும் எப்போதோ மட்கிவிட்டன. ஆனால், அவை இருந்த இடம் இறுகிய சாம்பலுக்குள் வெற்றிடமாக நின்றது. அதில் சாந்து ஊற்றித்தான் கட்டில்களின் வடிவத்தை எடுத்தார்கள். எந்த ஏட்டிலும் பெயர் ஏறாதவர்களுக்கு அந்த வெற்றிடமே சாட்சியானது.

2023இல் அதே மாளிகையில் இன்னோர் அடிமை அறை வெளிப்பட்டது. சாடிக்குள் எலிகள் செத்துக் கிடந்தன. அங்கே ஒரு கட்டிலில் மட்டும் மெத்தை இருந்தது. மற்றதில் கயிறு மட்டும்தான். இரண்டு அலமாரிகளும் இருந்தன. பூட்டோ சங்கிலியோ இருந்த தடயம் இல்லை. பிறகு எப்படி அவர்களை அடக்கி வைத்தார்கள்? அடிமைகளுக்குள்ளேயே சிலருக்குச் சலுகை கொடுத்து, அவர்களைக் கொண்டு மற்றவர்களைக் கண்காணித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த ஆண்டு டிசம்பரில் நகருக்குள் வெளிப்பட்ட ரொட்டிக்கூடத்தில் சன்னல்களுக்கு இரும்புக் கம்பி இருந்தது. இங்கே ஒரு மெத்தையே போதுமானதாக இருந்திருக்கிறது.

இதைப் படிக்கும்போது அண்ணல் அம்பேத்கர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். சாதியை அவர் வெறும் ஏற்றத்தாழ்வு என்று சொல்லவில்லை. படிநிலை ஏற்றத்தாழ்வு என்றார். தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பே ஒவ்வொரு படியில் இருப்பவனையும் கட்டிப்போடுகிறது. ரோமானிய அடிமைமுறையும் சாதியும் ஒன்றல்ல. ரோமில் அடிமைக்கு விடுதலை கிடைக்க வழி இருந்தது. விடுதலையான பின் பிறந்த பிள்ளைகள் சுதந்திரர்களாகவே பிறந்தார்கள். பிறப்பாலேயே ஒட்டிக்கொள்ளும் சாதியில் அந்த வாசல் கிடையாது. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களைப் பிரித்து ஆளும் தந்திரம் இரண்டுக்கும் பொது.

தோழர்களே, அடுத்த முறை ஓர் அரண்மனையையோ அகழாய்வுக் களத்தையோ பார்க்கப் போனால், இதைக் கட்டியது எந்த மன்னன் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கல் சுமந்தவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்றும் கேளுங்கள். மெத்தை யாருக்குக் கொடுக்கப்பட்டது, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள்.