பதனிடுபொருள் காடுகளில் அயல்நாட்டு முதலீடு

பதனிடுபொருள் காடுகளில் அயல்நாட்டு முதலீடு என்பது, தோல் பதனிட உதவும் டானின் என்னும் துவர்ப்பொருளைத் தரும் மரங்களுக்காக, ஒரு நாட்டு நிறுவனம் வேறொரு நாட்டில் காடுகளையும் விளைநிலங்களையும் வாங்குவதைக் குறிக்கும். 1906 ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்ட ஃபாரஸ்டல் நிறுவனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். தமிழ்நாட்டின் வேலூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பகுதித் தோல் தொழில் இத்தகைய மரங்களின் விளைபொருளை இறக்குமதி செய்து பயன்படுத்தி வந்துள்ளது.

பின்னணி

தென்னிந்தியாவில் ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. இவ்வாறு பதனிட்ட தோல் "கிழக்கிந்தியத் தோல்" என்ற பெயரில் ஏற்றுமதியானது. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்து வாட்டில் மரப்பட்டை இறக்குமதியாகி, ஆவாரம் பட்டையின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் நீலகிரியில் சீகை மரம் எனப்படுகிறது.

அர்கெந்தீனாவில் ஃபாரஸ்டல்

அர்கெந்தீனாவின் சாண்டா ஃபே மாகாணம் 1872 இல் இலண்டனைச் சேர்ந்த முரியேட்டா நிறுவனத்தின் வழியாகக் கடன் பெற்றது. அதனை அடைக்கப் பெரும்பரப்பிலான காட்டு நிலங்களை விற்றது. அந்நிலங்களின் பெரும்பகுதி பின்னாளில் ஃபாரஸ்டல் வசமானது. அங்குள்ள கெப்ராச்சோ மரத்தின் வயிரப் பகுதியில் டானின் மிகுதியாக உள்ளது. "கோடரியை முறிப்பது" என்பது இம்மரப்பெயரின் பொருள்.

உச்சநிலையில் நிறுவனத்திடம் ஏறத்தாழ 20 இலட்சம் எக்டேர் நிலமும், சொந்த ஊர்களும், இருப்புப்பாதைகளும், துறைமுகமும் இருந்தன. 1919 முதல் 1921 வரை நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் வன்முறையால் ஒடுக்கப்பட்டன. தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர்.

ஆப்பிரிக்காவுக்கு மாற்றம்

கெப்ராச்சோ முதிர்ச்சியடைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவை. வாட்டில் மரத்தை 8 முதல் 10 ஆண்டுகளில் வெட்டலாம். எனவே ஃபாரஸ்டல் தென்னாப்பிரிக்கா, கென்யா, தெற்கு ரொடீசியா (இன்றைய சிம்பாப்வே) ஆகிய நாடுகளில் வாட்டில் தோட்டங்களிலும் ஆலைகளிலும் முதலிட்டது. 1960களில் அர்கெந்தீனாவில் ஃபாரஸ்டலின் கடைசி ஆலைகளும் மூடப்பட்டன. வில்லா கியெர்மினா, வில்லா அனா போன்ற ஆலை ஊர்களின் மக்கள் வேலையிழந்து வெளியேற நேர்ந்தது. வெட்டிய காடு மீண்டும் நடப்படவில்லை. கென்யா, சிம்பாப்வே தோட்டங்கள் பின்னர் லோன்ரோ நிறுவனத்திடம் சென்றன.

தமிழ்நாட்டில் விளைவுகள்

இறக்குமதியைக் குறைக்கும் நோக்கில் நீலகிரி, கொடைக்கானல் மலைப் புல்வெளிகளில் வனத்துறை வாட்டில் மரங்களை நட்டது. அவை கட்டுப்பாடின்றிப் பரவிப் புல்வெளிகளை அழித்ததால், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளைத் தொடர்ந்து அகற்றப்பட்டு வருகின்றன.

1970களுக்குப் பின் ஆம்பூர் பகுதி ஆலைகள் பெரும்பாலும் குரோமியம் கொண்டு பதனிடும் முறைக்கு மாறின. எனினும் மறுபதனிடலுக்கும் அடித்தோலுக்கும் வாட்டில், கெப்ராச்சோ சாறுகள் இன்றும் பயன்படுகின்றன. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 28 ஆகஸ்ட் 1996 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வை மேற்கோள் காட்டியது. பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு வழங்கவும், நிலத்தைச் சீர்செய்யும் செலவை ஆலைகளிடமிருந்து பெறவும் அது வழி செய்தது. அர்கெந்தீனாவின் காட்டு ஊர்களுக்கு இத்தகைய இழப்பீடு எதுவும் கணக்கிடப்படாமலேயே ஃபாரஸ்டல் வெளியேறியது.

சட்டக் கட்டுப்பாடுகள்

அர்கெந்தீனா 2011 இல் இயற்றிய சட்டம், அயல்நாட்டவர் வைத்திருக்கக்கூடிய ஊரக நிலத்தை 15 விழுக்காட்டிற்குள் வரையறுத்தது. 2023 இல் அதனை நீக்கப் பிறப்பிக்கப்பட்ட ஆணை நீதிமன்ற வழக்கிற்கு உள்ளானது. இந்தியாவில் அயல்நாட்டவர் மட்டுமன்றி, வெளிநாடு வாழ் இந்தியரும் சிறப்பு அனுமதியின்றி வேளாண் நிலத்தையோ தோட்ட நிலத்தையோ விலைக்கு வாங்க இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

ஆவாரை
தோல் பதனிடுதல்
பாலாறு
சோலைக்காடுகள்