பண்ணை வீட்டு அத்தைப்பாட்டி

புகார் நகரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் வழியில் ஒரு சோலைப் பள்ளியில் கவுந்தியடிகளைக் கண்டு வணங்குகின்றனர். மதுரைக்குச் செல்வதாகக் கோவலன் கூறியதும், அந்த வழி எத்தகையது என்பதை அடிகள் விரித்துரைக்கிறார். நாடுகாண் காதையில் வரும் இப்பகுதியில் அவர் அஞ்சுவது கண்ணகியின் கால் நோவுக்கு மட்டுமன்று. கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும்; விடாய் மிகுதியால் அறியாமல் அந்நீரைக் கையால் முகந்து பருகிவிடக் கூடும். பறித்துப் போட்ட குவளைப் பூவில் வண்டுகள் மொய்த்துக் கிடக்கும். வழிநடைக் களைப்பில் அதன்மேல் அடி வைத்துவிடக் கூடும். நீர்க்கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கினால் அத்துன்பம் தாங்கவொண்ணாதது என்கிறார் அடிகள்.

வகுப்பறையில் இதனை மருதநில வருணனை என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து வரப்புகளில் நடந்து வளர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பத்தாருக்கோ இது வருணனையாகத் தோன்றாது. ‘பார்த்து நட, நத்தை கிடக்கும்’ என்று பின்னாலிருந்து கடிந்த ஒரு குரல் அவர்கள் காதில் இன்னும் இருக்கிறது. அது பெரும்பாலும் தாயின் குரலன்று. தாய்க்கு அடுப்படியில் வேலை இருந்தது. வீட்டில் வேறொருவர் இருந்தார். பாட்டனாரோடு பிறந்தவர், வெள்ளைப் புடைவை உடுத்தவர், ஒரு வேளை மட்டுமே உண்டவர். சில வீடுகளில் அவரை ஆயா என்றனர், சில வீடுகளில் அத்தைப்பாட்டி என்றனர். இக்கட்டுரை அவ்வாறு வாழ்ந்த ஒருவரைப் பற்றியதன்று. மேல்சித்தாமூர், வீடூர், பெருமண்டூர், விழுக்கம், சளுக்கை, பொன்னூர், ஓதலவாடி என்று பரந்து கிடக்கும் ஊர்களில் ஏறத்தாழ ஒரே விதமாக வாழ்ந்து மறைந்த பலரைப் பற்றியது.

தமிழ்நாட்டுச் சமணப் பெண்டிரின் வரலாறு எழுத வருவோர் முதலில் கல்வெட்டுகளிடம் செல்வர். அங்கே வளம் மிகுதி. கழுகுமலைப் பாறையில் திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார், சங்கக் குரத்தியார் என ஆசிரியைகளின் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. குரவர் என்பதன் பெண்பால் குரத்தி. ஆசான் என்பது பொருள். போளூர்ப் பக்கத்துத் திருமலையில் குந்தவை பெயரால் ஜினாலயம் உண்டு. அங்கே நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை நந்தாவிளக்கு எரிக்கப் பொருள் கொடுத்தார். இவற்றுள் வந்தவாசி வட்டாரத்தார்க்கு மிக நெருக்கமானது விடால் கல்வெட்டு. ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 885ஐ ஒட்டி, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் அங்கே ஐந்நூறு பெண் மாணாக்கியருடன் வாழ்ந்தார். அவர்களுக்கும் மற்றொரு சாராருக்கும் பூசல் நேர்ந்தபோது, குரத்தியாரையும் மாணாக்கியரையும் உணவளித்துக் காப்பதாக அவரைச் சார்ந்தோர் உறுதி கூறினர். ஐந்நூறு பெண்கள் ஓரிடத்தில் கூடிக் கற்றனர் என்றால், அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளந்த வயல்களும் அருகிலேயே இருந்திருக்க வேண்டும்.

கல்லில் பெயர் பெற்றவர்கள் துறவியரும் அரசியரும் செல்வர் மனையாரும். பண்ணை வீட்டில் இருந்துகொண்டே பாதி துறவியாக வாழ்ந்தவர் பெயரை எவரும் வெட்டி வைக்கவில்லை.

அவர் எப்படி உருவானார் என்பது வேதனையான செய்தி. சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை, மற்றச் சமூகங்களில் போலவே நம்மவரிடமும் இளமை மணம் இருந்தது. பெண்ணின் மணவயதைப் 14 என்று வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் இயற்றப்பட்டு 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒன்பது பத்து வயதில் தாலி ஏறி, பூப்படையும் முன்னரே அதனை இழந்த சிறுமியர் உண்டு. அவ்வாறு ஆனவரைத் தந்தையோ தமையனோ வண்டி கட்டிச் சென்று அழைத்து வந்துவிடுவார். பிறந்த வீட்டுத் திண்ணையில் ஏறியவர் பிறகு ஐம்பது அறுபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். தமையன் மக்களை வளர்த்தார், அவர்கள் மக்களையும் வளர்த்தார். மறுமணம் என்ற பேச்சே எழவில்லை. 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் அதற்கு இடம் தந்திருந்தும் எழவில்லை. சமயத்தின் பெயரால் இதனை நியாயப்படுத்துவோர் இன்றும் இருக்கலாம். ஒன்பது வயதுச் சிறுமி தானாக ஏற்ற நோன்பு இது என்று சொல்ல எந்த ஆகமமும் துணை வாராது. ஏலாதிருந்தும் பின்னாளில் அதனைத் தம் நோன்பாக அவர் மாற்றிக்கொண்டார் என்பதுதான் வியப்பு.

வடநாட்டுச் சமணர் பெரும்பாலும் வணிகர். தமிழ்ச் சமணரோ உழவர். உழவில் உயிர்க்கொலை தவிர்க்க இயலாததாயிற்றே என்று வடநாட்டார் கேட்பதுண்டு. ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் கிருஷியும் ஒன்று என்பது ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்தவர்க்குத் தெரியும். இம்சையை நம் நூல்கள் நான்காகப் பகுக்கும்: வீட்டுக் காரியங்களில் நேரும் ஆரம்பம், தொழிலில் நேரும் உத்யோகம், தற்காப்பில் நேரும் விரோதம், கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்யும் சங்கல்பம். இல்லறத்தான் முற்றிலும் விட வேண்டியது இறுதியில் உள்ளது. மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். ‘இயன்றவரை’ என்னும் அச்சொல்லுக்குப் பொருள் கண்டு வாழ்ந்தவர் அத்தைப்பாட்டிதான்.

விடியுமுன் எழுவார். கிணற்று நீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுவார். துணியில் தங்கியதை வேறு நீரால் அலசி, எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடுவார். வாய்க்காலில் ஓரிடத்து உயிரை வேறிடத்தில் கொட்டுவது அவர் கணக்கில் கொலைதான். விறகைத் தட்டிப் பார்த்து, எறும்போ கரையானோ இல்லாததை மட்டும் அடுப்புக்கு அனுப்புவார். மழைக்காலத்தில் இவ்வேலைக்கே ஒரு நாழிகை ஆகும். அதன்பின் ஜினாலயம், பின்பு கழனி.

கழனியில் அவர் ஏர் பிடித்ததில்லை, நாற்று நட்டதுமில்லை. ஆனால் அவர் பாராமல் அங்கு எதுவும் நடந்ததில்லை. எந்த மடைக்கு எப்போது ஏரித் தண்ணீர் வரும், கவலை இறைக்கும் மாட்டை எப்போது அவிழ்க்க வேண்டும், எந்தக் காணியில் சம்பா, எதில் கேழ்வரகு என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தன. ஒரு காணி 1.32 ஏக்கர், ஏக்கர்க் கணக்கு வந்த பிறகும் அவர் காணியிலேயே பேசினார். களத்தில் மரக்கால் பிடித்து அளப்பவன் எண்ணிக்கையைத் தவறவிட்டால் திண்ணையிலிருந்தே திருத்துவார். உழைத்து ஓய்ந்த மாட்டை அடிமாட்டுக்கு விற்கலாகாது என்பது அவர் இட்ட சட்டம். அதனால் தொழுவத்தில் எப்போதும் ஒன்றிரண்டு கிழமாடுகள் வெறுமனே தின்றுகொண்டு நிற்கும். ஆண்மக்கள் முணுமுணுத்துக்கொண்டே வைக்கோல் போடுவர்.

தானியக் காப்பில் அவர் அறிவு தனித்தது. குதிரில் நெல் கொட்டும்போது இடையிடையே வேப்பிலையும் நொச்சியிலையும் பரப்புவார். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்துவார். வெயிலில் காயாத பருப்பு வீட்டுக்குள் வாராது. புழு வந்தபின் கொல்வதைவிட, வாராமல் தடுப்பதே அறம். இன்று இயற்கை வேளாண்மை என்று பயிற்சி முகாம்களில் கற்பிக்கும் பலவற்றை அவர் ஜீவதயை என்ற ஒரே சொல்லில் அடக்கியிருந்தார்.

ஆர்க்காட்டுச் சீமையில் மல்லாட்டை பெருகியபோது ஒரு சிறு சிக்கல் எழுந்திருக்கும். மண்ணுக்குள் விளைவதைச் சிராவகர் உண்ணலாமா? உருளைக்கிழங்கும் வெங்காயமும் பூண்டும் விலக்கு. அவை எண்ணற்ற உயிர்களுக்கு ஒரே உடலாக இருப்பவை. மல்லாட்டையோ மண்ணுள் இருந்தாலும் கிழங்கன்று, விதை. ஆதலால் தமிழ்ச் சமணர் அதனைப் பயிரிட்டனர், உண்டனர். வேர்க்கடலை என்ற பெயர்தான் வீண் ஐயத்தைக் கிளப்புகிறது!

பின்னர் வந்த சிக்கல் அத்தனை எளிதில் தீரவில்லை. 1960களின் இடையில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 ஆகிய நெல் வகைகள் வந்தன. அவற்றோடு எண்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளும் வந்தன. மருந்து தெளிப்பது உத்யோக இம்சையா, சங்கல்ப இம்சையா? பயிரைக் காப்பதே நோக்கம் என்று இளையவர் கூறலாம். கொல்வதற்கென்றே செய்து, கொல்வதற்கென்றே விலை கொடுத்து வாங்கி, கொல்வதற்கென்றே தெளிப்பதை எந்த வகையில் சேர்ப்பது என்பது மூத்தவர் கேள்வி. விளைச்சல் மூட்டைக் கணக்கில் வீட்டில் இக்கேள்வி மெல்ல அடங்கிப் போயிற்று. விடை கிடைத்து அடங்கியதன்று.

இவ்வளவு நிலத்தையும் கண்காணித்தவர்க்கு அதில் ஒரு குழியேனும் சொந்தமா? பெரும்பாலும் இல்லை. கூட்டுக் குடும்பத்துக் கைம்பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் இருந்தது சீவனாம்ச உரிமை மட்டுமே. நம் பழைய நூல்களாகிய பத்ரபாகு சம்ஹிதை, அர்ஹந்நீதி ஆகியவை கைம்பெண்ணுக்கு இதனினும் விரிந்த சொத்துரிமை தருகின்றன. சம்பத்ராய் ஜெயின் 1926இல் இவற்றைத் தொகுத்து வெளியிட்டார். ஆயினும் தனி வழக்கம் ஒன்றை மெய்ப்பித்தாலன்றிச் சமணர்க்கும் இந்துச் சட்டமே பொருந்தும் என்பது நீதிமன்றங்களின் நிலை. 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. அதுவும் மாகாணங்களில் உள்ள வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் பெடரல் கோர்ட் கூறிவிட்டது. நகரத்து வீட்டில் பங்கு உண்டு, நாட்டுப்புறத்துக் கழனியில் இல்லை. உழவர் குடிப் பெண்ணுக்கு இதனால் என்ன பயன்? சென்னை மாகாணம் 1947இல் அக்குறையை நீக்கியது. அதற்குள் நம் அத்தைப்பாட்டிமார் பலர் கணவரை இழந்து முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன; முன்னரே இறந்தவர் சொத்துக்கு அச்சட்டம் செல்லாது. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் சமணரையும் வெளிப்படையாகச் சேர்த்து, பெண்ணின் கையில் இருந்த சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கியது. சீவனாம்சத்துக்காக விட்டுக் கொடுத்த நிலமும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் 1977இல் தெளிவுபடுத்தியது. அந்த நாளில் ஒரு காணியேனும் கையில் இருந்த அத்தைப்பாட்டி அதன் உடைமையாளர் ஆனார். ஆனதை அவரிடம் எத்தனை வீட்டில் சொன்னார்கள் என்பது வேறு கேள்வி.

அவருக்கு எழுத்தறிவு உண்டா என்று கேட்போர் வியப்படைவர். பள்ளி செல்லாதவர் பலர். ஆயினும் நூலறிவு இருந்தது. மணிப்பிரவாள நடையில் 63 சலாகா புருடர் வரலாறு கூறும் ஸ்ரீபுராணம் வீட்டுக் கூடங்களில் வாசிக்கப்பட்டது. கேட்டுக் கேட்டு அவர்கள் அதனை மனத்தில் எழுதிக்கொண்டனர். சீவகசிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பிக்கக் கும்பகோணத்துச் சமணக் குடும்பங்கள் பெருந்துணையாய் இருந்தன. புலவர்க்கு அரிதாகிவிட்ட அந்நூலை அவர்கள் வழிபாட்டு நூலாகப் போற்றிப் படித்துவந்ததே அதற்குக் காரணம். சுடுகாட்டில் மகனைப் பெற்றுத் தவப்பள்ளியில் காத்திருந்த விசயையின் கதையை இரவில் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னவர் யார்? அந்தி சாயுமுன் எல்லாரையும் உண்ணச் செய்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் வேறு வேலையின்றி அமர்ந்திருந்தவர்தான். இரவுணவு இன்மையால் கதைக்கு நேரம் மிகுதி.

அஷ்டமி, சதுர்த்தசி நோன்புகளும், ஆடி, கார்த்திகை, பங்குனியில் வரும் நந்தீஸ்வர விரதமும், அனந்த விரதமும் அவருடைய நாட்காட்டி. உழவு எப்போது, அறுப்பு எப்போது என்பதைக்கூட இவற்றை வைத்தே சொல்வார். வயது முதிர முதிர விரதங்கள் கூடின. உண்ணும் பொருள்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஓராண்டு நெய்யை விட்டார், மறு ஆண்டு பழத்தை. சில வீடுகளில் இறுதி நாட்களில் நீரும் வேண்டாம் என்று கையசைத்தவர்கள் உண்டு. செஞ்சிக்கு அருகில் திருநாதர் குன்றில் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இருக்கிறது. அதே குன்றில் 30 நாள் நோற்ற இளைய பட்டாரரின் நிசீதிகையும் உண்டு. கோவலன் இறந்தான் என்று கேட்ட கவுந்தியடிகளும் உண்ணா நோன்பிலேயே உயிர் விட்டார். அத்தைப்பாட்டிக்கு நிசீதிகை இல்லை. அவர் போன மறுநாள் தொழுவத்துக் கிழமாட்டுக்கு யார் தீனி வைப்பது என்பதே வீட்டில் எழுந்த முதல் கேள்வி.

இப்போது கவலை இல்லை, மோட்டார் இருக்கிறது. பல பண்ணை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றனர். குடும்ப வழிமரபு எழுதும் இளைஞர் சிலர் ஆண்வழியில் ஏழெட்டுத் தலைமுறை வரை தேடிக் கண்டுபிடித்துவிடுகின்றனர். பாட்டனாருடன் பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், ‘ஓர் அத்தைப்பாட்டி இருந்தார்’ என்கின்றனர். பெயர் தெரிவதில்லை. எல்லாரும் உறவு சொல்லியே அழைத்ததால் பெயருக்கு வேலை இல்லாமல் போயிற்று. பழைய பாகப் பிரிவினைப் பத்திரங்களில், சீவனாம்ச ஏற்பாடு எழுதிய பக்கத்தில், கைந்நாட்டுக்கு அருகே அது இருக்கலாம். ஸ்ரீபுராண ஏட்டின் கடைசிப் பக்கத்தில் யாரேனும் எழுதி வைத்திருக்கலாம். எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியும்.