கலம் துலக்கிய வரலாறு

விருந்தின் சிறப்பைப் பற்றி எழுதுவோர் பலர். விருந்து முடிந்தபின் கிணற்றடியில் குவியும் பற்றுப் பாத்திரங்களைப் பற்றி எழுதுவோர் அரியர். அரசர் ஆண்ட கதைக்கும் படை நடந்த கதைக்கும் ஏடுகளில் இடம் உண்டு. நாள்தோறும் மும்முறை நம் இல்லங்களில் நடைபெறும் இத்தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்க்கும்படி செய்தது சென்ற மழைக்காலத்தில் நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. ஒரே மாதத்தில் இரண்டு முறை நம் இளைய மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. குழாய்த் தண்ணீரின் மீது ஐயங்கொண்டோம். வடிகட்டும் கருவியின் பாகங்களைப் பணம் செலவிட்டு மாற்றினோம். வடிகட்டிய நீரையும் காய்ச்சினோம். கடைப் பண்டங்களை நிறுத்தினோம். அச்சமயம் ஊரிலிருந்து வந்திருந்த நம் அன்னையார், தண்ணீர் அருந்த எடுத்த தம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, “தண்ணீரைக் காய்ச்சினாய், சரி. தம்ளரைத் தேய்த்த பஞ்சைக் காய்ச்சினாயா?” என்று கேட்டார். நீர்த்தொட்டியின் ஓரத்தில் சோப்புக் கிண்ணத்துக்குள் ஊறிக் கிடந்த நுரைப்பஞ்சை அன்றுதான் கையிலெடுத்து முகர்ந்தோம். ஊறலின் நாற்றம் வீசிற்று. நோய்க்கு அதுவே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. நாமும் சாதிக்க வரவில்லை. ஆயினும் அவர் வினவிய வினா நம்மை விடவில்லை. அதன் விடையைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

கிணற்றடிக் காலம்

நம் பாட்டிமார் கலம் துலக்கிய முறை யாவரும் அறிந்ததே. கிணற்றடியிலோ கொல்லைப்புறத்திலோ பாத்திரங்களைப் பரப்பி, அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்ப்பர். பித்தளைக்கும் செம்புக்கும் புளி. குத்துவிளக்குக்குச் செங்கற்பொடி. எண்ணெய்ச் சட்டிக்கு அரப்போ சீயக்காயோ.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டு என்னும் காரப்பொருள் இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அதன் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். பானையில் இட்டுக் காய்ச்சிய சாம்பலை ஆங்கிலேயர் ‘பாட்டாஷ்’, அதாவது பானைச் சாம்பல், என்றனர்; பொட்டாசியம் என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது. புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் செம்பின் களிம்பைக் கரைக்கும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை எழுப்பும் சப்போனின் என்ற பொருள் உண்டு. வேதியியல் நூலைப் பயிலாமலே நம் பெண்டிர் காரத்தையும் அமிலத்தையும் இடமறிந்து பயன்படுத்தினர்.

நாம் வந்து குடியேறிய இப்பூனா நகரிலும் இம்முறையே வழங்கிற்று. கசபா பேட்டையில் பேஷ்வாக்கள் காலந்தொட்டுச் செம்புக் கன்னார் வாழும் ‘தாம்பட் ஆளி’ என்னும் தெரு இன்றும் உண்டு. அங்கு அடித்துச் செய்த செம்புக் குடங்களை மராத்தியப் பெண்டிர் புளியாலும் ஆம்சூல் எனப்படும் கோகம் தோலாலும் துலக்கினர். தேங்காயின் தலையில் நிற்கும் நாரை நாம் குடுமி என்கிறோம். அவர்கள் ‘ஷேண்டி’ என்கின்றனர். அச்சொல்லுக்கும் குடுமி என்பதே பொருள்.

இனிப் பழமை யாவும் தூயது என்று கூறுவதற்கில்லை. சாம்பல் கிடைக்காத இடத்தில் தெரு மண்ணையும் குளத்து மண்ணையும் அள்ளித் தேய்த்தனர். மனிதக் கழிவு கலந்த மண்ணில் நாக்குப்பூச்சியின் முட்டைகள் நெடுநாள் உயிரோடிருக்கும். அம்மண் பட்ட கலத்தில் உண்டு நோயுற்ற குழந்தைகள் எத்தனையோ! கலங்கிய குளத்து நீரில் அலசிய கலமும் அத்தகையதே. ஆதலால் பழையதைப் போற்றுவதானால் அதனுள் நல்லதைப் பிரித்தறிந்து போற்றுதல் வேண்டும்.

சாம்பல் மறைந்த காரணம்

சாம்பலும் நாரும் நம் சமையலறையை விட்டு நீங்கியது நம் சோம்பலால் என்று முதியோர் சிலர் குறைகூறுவர். அது முழு உண்மையன்று. கலமும் அடுப்பும் இடமும் மாறியமையால் அவை நீங்கின.

முதலில் கலம் மாறிற்று. 1898இல் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பார் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1900இல் அதற்கெனத் தனி நிறுவனமே சென்னையில் எழுந்தது. காரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், கறுக்கும். சாம்பலுக்கு ஒவ்வாத முதற் கலம் அதுவே. பின்னர் 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். நாம் எவர்சில்வர் என்று பெயரிட்டு வரவேற்றது அதனையே. அதில் களிம்பு ஏறுவதில்லை. ஆகவே புளிக்கு வேலையில்லை.

அடுத்து அடுப்பு மாறிற்று. 1960களின் நடுவில் இண்டேன் எரிவாயு இல்லங்களுக்கு வரத் தொடங்கியது. விறகடுப்பின் புகையால் கண்ணும் நெஞ்சும் கெட்ட நம் தாய்மாருக்கு அது பெரும் விடுதலை. ஆனால் எரிவாயு சாம்பலைத் தருவதில்லை. இலவசமாய்க் கிடைத்த துலக்குபொருள் மறைந்தது. அவ்விடத்தைத் தூளும் கட்டியும் திரவமும் பிடித்தன.

இறுதியாக இடம் மாறிற்று. கிணற்றடியில் வெயில் உண்டு, காற்று உண்டு. துலக்கி முடித்த நாரைக் கல்லின்மேல் போட்டால் நண்பகலுக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். விமான் நகரில் நாம் வாழும் அடுக்குமாடி இல்லத்தில் கிணற்றடிக்கு மாற்றாக ஓர் எஃகுத் தொட்டி இருக்கிறது. பல வீடுகளில் அங்கே கதிரவன் ஒளி ஆண்டு முழுவதும் எட்டுவதில்லை. வெயில் போனதை நாம் கவனிக்கவேயில்லை. இவ்வரலாற்றில் முதன்மையான செய்தி இதுவே என்பது நம் கருத்து.

கடற்பஞ்சும் நுரைப்பஞ்சும்

பஞ்சு கொண்டு துடைக்கும் வழக்கம் கிரேக்கருடையது. உணவு மேசைகளைப் பஞ்சினால் துடைத்த செய்தி ஹோமரின் ஒடிசி காவியத்திலேயே வருகிறது. அது கடலடியில் பாறையைப் பற்றி வாழும் ஓர் உயிரின் கூடு. ஏஜியன் கடலின் கலிம்னோஸ் தீவினர் அதனை மூழ்கி எடுத்தே பிழைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்குவோர்க்கான கவச உடை வந்தபின், ஆழத்தில் நெடுநேரம் தங்கி விரைந்து மேலே வந்தமையால் முடமானோரும் மாண்டோரும் பலர்.

1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் என்னும் வேதியியலாரும் அவருடைய துணைவரும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளைக் கண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதனை நுரைபோல் ஊதி மெத்தையும் இருக்கையும் பஞ்சும் செய்யலாயினர். கடலில் மூழ்கி உயிர்விடும் துன்பம் குறைந்தது நன்றே. மென்மை, மலிவு, நுரை ஆகிய மூன்றும் சேர்ந்து நம் பெண்டிரின் கைகளுக்கு அதனை உகந்ததாக்கின. அதன் முதுகில் ஒட்டியுள்ள பச்சைத் தகடும் செயற்கை இழையே.

ஆய்வாளர் கண்டவை

2017இல் ஜெர்மனியின் புர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தோரும் இல்லங்களில் பயன்படுத்திய 14 நுரைப்பஞ்சுகளை ஆராய்ந்தனர். மிக நெருக்கமான இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,400 கோடி வரை பாக்டீரியாக்கள் காணப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை நோய் செய்யா. ஆயினும் உடல் தளர்ந்தோர்க்கு ஊறு செய்யக்கூடியவற்றின் உறவினங்களும் அவற்றிடையே இருந்தன. அடிக்கடி தூய்மை செய்ததாகக் கூறப்பட்ட பஞ்சுகளிலும் எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. வாரம் ஒருமுறை பஞ்சை மாற்றிவிடுக என்பது அவர்கள் கூறிய அறிவுரை.

நார்வே நாட்டின் நோபிமா உணவு ஆய்வு நிலையத்தார் 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இன்னும் தெளிவானவை. போர்த்துகல் நாட்டார் பெரிதும் நுரைப்பஞ்சைக் கையாள்வர். நார்வே நாட்டார் பிடி வைத்த தூரிகையைக் கையாள்வர். இரண்டையும் ஒப்பிட்டபோது, இரவில் உலர்ந்துவிடும் தூரிகையில் வயிற்று நோய் தரும் சால்மோனெல்லாக் கிருமி வெகுவாக மடிந்தது. ஈரம் போகாத பஞ்சில் அது பிழைத்திருந்தது. இதிலிருந்து பெறப்படுவது ஒன்றே. தேய்க்கும் பொருள் எதுவாயினும், அடுத்த வேளைக்குள் உலர்கின்றதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நாரின் இயல்பு

இக்கேள்விக்கு நம் தேங்காய் நார் நல்ல விடை. அதில் லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதி. எனவே நீரில் எளிதில் மக்காது. உப்புநீரையும் தாங்கும். இதனை அறிந்தே பண்டைய மாலுமிகள் ஆணியின்றிக் கயிற்றால் தைத்த கப்பல்களில் இந்துமாக்கடலைக் கடந்தனர். 14ஆம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா அத்தகைய கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘காயர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் கயிற்றைக் குறிக்கும் மலையாளச் சொல்லிலிருந்து சென்றதே. 1859இல் ஜேம்ஸ் டாராக் என்பார் ஆலப்புழையில் முதற் கயிற்றுத் தொழிற்சாலையை நிறுவினார். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியம் கொச்சியிலிருந்து பணிபுரிகின்றது. பொள்ளாச்சி வட்டாரத்திலும் இத்தொழில் செழித்துள்ளது.

நாரின் இழைகளுக்கிடையே காற்றுப் புகும். உதறினால் நீர் ஓடிவிடும். நுரைப்பஞ்சின் நுண்ணறைகளில் நீரும் உணவுத் துணுக்கும் தங்கிவிடும். வேறுபாடு இவ்வளவே.

மற்றொன்று பீர்க்கங்கூடு. முற்றிய பீர்க்கங்காயைக் கொடியிலேயே உலரவிட்டுத் தோலை நீக்கினால் வலைபோன்ற கூடு கிடைக்கும். நுரைப்பீர்க்கு என்னும் இனத்தின் கூடு இன்னும் மென்மையானது. ஒட்டா வாணலியைக்கூடக் கீறாது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானியர் இதனைப் பயிரிட்டுக் கப்பல் எந்திரங்களின் வடிகட்டிகளுக்காக ஏற்றுமதி செய்தனர். மராத்தியர் ‘கோஸாளே’ என்பதும் இதுவே.

இரும்பு நாரைப் பற்றியும் ஒரு சொல். கரி பிடித்த அடிப்பாத்திரத்துக்கு அது உதவும். ஆனால் அறுந்த கம்பித் துண்டு உணவில் விழும் அபாயம் உண்டு. தேய்ப்பவர் விரலையும் கிழிக்கும்.

எறிந்தபின் எங்கே செல்கிறது?

ஆய்வாளர் சொற்படி வாரம் ஒரு நுரைப்பஞ்சை எறிவதாயின் ஓர் இல்லத்துக்கு ஆண்டுக்கு 52 ஆகும். நூறு இல்லங்கள் உள்ள குடியிருப்புக்கு 5,200. பாலியூரித்தேனை உருக்கி மறுபடி வார்க்க இயலாது. மண்ணிலும் எளிதில் மக்காது. 2022 ஜூலை முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை.

பூனாவின் குப்பை பல்லாண்டுகளாக உருளி தேவாச்சி, புர்சுங்கி என்னும் ஊர்களில் மலைபோல் கொட்டப்பட்டது. நாற்றத்தையும் கெட்டுப்போன கிணற்று நீரையும் பொறாத அவ்வூரார் குப்பை வண்டிகளை மறித்துப் பலமுறை போராடினர். நம் வீட்டுக் குப்பையைப் பிரித்தெடுப்போரும் மனிதரே. குப்பை பொறுக்கும் தொழிலாளர் 1993இல் இந்நகரில் ஒரு தொழிற்சங்கம் கண்டனர். அதன் வழிவந்த ‘ஸ்வச்’ கூட்டுறவின் உறுப்பினர் வீடு வீடாக வந்து குப்பையைத் தரம் பிரிக்கின்றனர். ஊறி நாறும் பஞ்சை அவர்கள் கையில் கொடுக்கிறோம். அதை வாங்குவார் எவருமில்லை.

நாம் செய்யத்தக்கவை

நம் இல்லத்தில் இப்பொழுது கைக்கொள்ளும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, தேங்காய் உடைக்குமுன் பிய்த்தெறியும் குடுமியை எறிவதில்லை. அதை உருட்டிச் சிறு பந்தாகக் கட்டினால் ஒரு வாரத்துக்கு ஆகும். தேங்காயைக் காசு கொடுத்து வாங்கி, அதன் நாரைக் குப்பையிலிட்டு, மீண்டும் கடைக்குச் சென்று பஞ்சு வாங்கியதை எண்ணினால் இப்பொழுது நகைப்பு வருகிறது. கடையில் நார் வாங்குவோர் சாயமும் பசையும் இல்லாததைக் கேட்டு வாங்குக.

இரண்டாவது, இரண்டு நார்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஒன்று சன்னலில் ஆணியில் தொங்கும். மற்றொன்று வேலை செய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரில் வெயிலைக் காண்பதரிது. அக்காலத்தில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிநீரிலிட்டு, அடுப்பின் அருகே காற்றாடத் தொங்கவிடுகிறோம்.

மூன்றாவது, தம்ளருக்கும் ஒட்டா வாணலிக்கும் பீர்க்கங்கூடு. மாடத்துத் தொட்டியில் ஒரு கொடி படர்ந்திருக்கிறது. விதை அடுத்த ஆண்டுக்கு. தேய்ந்த கூடு அதே தொட்டிக்கு எரு.

நான்காவது, சோப்புக் கட்டியை நீர் வடியும் துளையுள்ள தட்டில் வைக்கிறோம். எச்சிலையும் துணுக்கையும் முன்னரே வழித்து எறிகிறோம். மீனும் இறைச்சியும் சமைப்போர் அப்பாத்திரங்களுக்குத் தனி நார் வைத்துக்கொள்வது நலம்.

நார் கைக்கு முரடு என்று சொல்வோர் பிடி வைத்த தூரிகையை வாங்கலாம். இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நம் குடியிருப்பின் பல இல்லங்களில் கலம் துலக்குபவர் வெளியிலிருந்து வரும் பெண்மணியே. அவரை ‘மாவ்ஷி’ என்கிறோம். அச்சொல்லுக்குத் தாயின் உடன்பிறந்தாள் என்று பொருள். நாலைந்து வீட்டுச் சோப்பும் இரும்பு நாரும் அவர் விரல்களில் வெடிப்பாகக் கிடக்கின்றன. எதைக் கொண்டு தேய்ப்பது என்று தீர்மானிப்பவர் நாம், தேய்ப்பவர் அவர். நம் இல்லத்தில் தூரிகை வாங்கிய அன்று அதன் பிடியை முதலில் பிடித்துப் பார்க்கச் சொன்னது அவரிடமே. “ஹே சாங்கலே ஆஹே” என்றார். நன்றாயிருக்கிறது என்பது பொருள்.

நம் மகளுக்கு இவ்வாண்டு மழைக்காலத்தில் வயிற்று நோய் வரவில்லை. அது நாரின் பயனோ, நற்பேறோ, நாம் அறுதியிட்டு உரைக்கமாட்டோம். சன்னலில் தொங்கும் தேங்காய்க் குடுமியை மாலையில் தொட்டுப் பார்க்கிறோம். அது உலர்ந்திருக்கிறது. அன்னையார் கேட்ட வினாவுக்கு இப்பொழுது நம்மிடம் விடை உண்டு. சங்கத்தின் ஆண்டுவிழா விருந்துக்குப்பின் கலம் துலக்கும் அன்பர்களும் இவ்வாண்டு நாரையே கையிலெடுப்பார்களாக!